சரளை மலைமண்ணில் கை வைத்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிடோக்வாசி:

எனக்கு மண்தான் தொழில். சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் துளையிட்டு எடுக்கும் மண் மாதிரிகளைப் பார்த்து வகை பிரிக்கிறேன். புக்கிட் தீமா கிரானைட் பாறை, வெப்பத்திலும் மழையிலும் உளுத்துப்போய் எத்தனையோ மீட்டர் ஆழத்துக்குச் சிவந்த களியாகக் கிடக்கும் ஊர் இது. கிழக்கே பிடோக், சாங்கிப் பக்கம் பழைய வண்டல் படிவில் கூழாங்கல் வரும். ஆனாலும் இறுகிய மணலும் களியும்தான் பெரும்பகுதி. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் வேறு எப்படி இருக்கும்!

மேற்படிப்புக்காக அமெரிக்காவில் இருந்தபோது, நெவாடா மாநிலத்தின் டொயாபி மலைத்தொடரில் களவகுப்பு நடந்தது. புல்லும் சேஜ்பிரஷ் புதர்களும் நிறைந்த மாட்டு மேய்ச்சல் நிலம். சரிவில் ஆளுயரக் குழி வெட்டியிருந்தார்கள். மேலே ஒரு சாண் கருத்த மண், அதில் புல்வேர் பின்னிக் கிடந்தது. அடுத்து களி கொஞ்சம் கூடிய பழுப்பு மண். அதற்கும் கீழே வெளுத்த அடுக்கு. மூன்றிலும் கல், கல், கல்தான். மண்ணியலில் 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை உள்ள கல்லைச் சரளை என்பார்கள். மண்ணின் கன அளவில் 35 சதவீதத்தைத் தாண்டினால் சரளை மிகுந்த மண், 60 சதவீதத்தைத் தாண்டினால் சரளை மிக மிக அதிகமான மண். எங்கள் குழியில் பாதிக்குப் பாதி கல் இருந்தது.

வெளுத்த அடுக்கிலிருந்து பேராசிரியர் ஒரு கல்லை உருவி என் கையில் கொடுத்தார். மேற்பக்கம் சுத்தமாக இருந்தது. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துச் சீறியது. கால்சியம் கார்பனேட்! குளித்துவிட்டு வந்தால் தலைமுடி நுனியில் தண்ணீர் தங்குமே, அந்த மாதிரி மழைநீர் கல்லைச் சுற்றி இறங்கி அடிப்பக்கத்தில் தொங்கி நிற்கும். பிறகு அது காயும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடும். இப்படிப் படிந்து படிந்து பொருக்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பொருக்கு மேற்பக்கத்தில் இருந்தால், யாரோ எதுவோ அந்தக் கல்லைப் புரட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சரிவு நிலைத்து நின்றதா சரிந்ததா என்பதை ஒற்றைக் கல் காட்டிக்கொடுக்கிறது. இங்கே நான் பார்க்கும் புளிப்பு மண்ணில் அமிலத்தை எவ்வளவு ஊற்றினாலும் ஒரு குமிழ் வராது.

எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர்க் கணக்கு. கல் இல்லாத நல்ல மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் செடிக்கென்று சுமார் 150 மில்லிமீட்டர் நீரைப் பிடித்து வைக்கும் என்று வையுங்கள். பாதி கல்லானால் அது 75 ஆகக் குறைகிறது. அதனால் சரளை நிலம் உதவாத நிலம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். 30 மில்லிமீட்டர் மழை கல் இல்லாத மண்ணை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் நனைக்கிறது. பாதி கல்லான மண்ணில் அதே மழை இரண்டு சாண் இறங்கும். மேலே இருக்கும் ஈரத்தை வெயில் சீக்கிரம் குடித்துவிடும், கீழே போனது வேருக்கு மிஞ்சும். மழை குறைந்த ஊரில் பருமணலும் சரளையும் களியைவிட அதிகப் பசுமை தரும் என்று இஸ்ரேலியச் சூழலியலாளர் நோய்-மெய்ர் 1973ல் எழுதினார். ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டரைத் தாண்டும்போது இது தலைகீழாகும் என்பதும் அவர் சொன்னதுதான்.

வறண்ட மேய்ச்சல் மலைகளைப் பார்த்தவர்கள் வேறு யாரும் உண்டா?

காங்கேயத்தான்:

அண்ணே, உங்கள் நெவாடா கதையைப் படிக்கப் படிக்க எங்கள் ஊர்தான் கண்ணுக்குள் வந்தது. சிவன்மலைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொரங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஆடும் காங்கேயம் மாடும் மேயும். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம், தோண்டினால் சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கல் வரும். மழை உங்கள் மலையைவிட அதிகம்தான், ஆனாலும் வெயில் காய்ச்சி எடுத்துவிடும்.

எங்கள் அப்பாரு கொரங்காட்டில் கல் பொறுக்கவே விடமாட்டார். “கல்லை எடுத்தா ஈரமும் கூடவே போயிரும்டா” என்பார். கோடையில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டினால் அடியில் மண் கருத்து, தொட்டால் சில்லென்று இருக்கும். ஒரு அடி தள்ளி வெறும் தரையைத் தொட்டால் சுடும். புல்லின் புது முளையும் கல்லின் ஓரத்தில்தான் முதலில் எட்டிப் பார்க்கும். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நீங்கள் சொன்ன கணக்கு அவர் கையில் இருந்திருக்கிறது.

ஈசூன் அக்கா:

நான் மலைக்கெல்லாம் போனதில்லை. கரையோரப் பூந்தோட்டங்களில் கண்ணாடிக் கூடத்துக் கள்ளிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு வாசலில் தொட்டி வைத்து வளர்க்கிறேன். தம்பி சொன்னதற்கு இங்கே சாட்சி உண்டு. மேலே கல் பரப்பிய தொட்டி காய்வதற்கு மற்றதைவிட ரொம்ப நேரம் ஆகிறது. காங்கேயத்தில் அது வரம், நம் ஊர்ப் புழுக்கத்தில் கள்ளியின் அடித்தண்டு அழுகிவிடும். அதனால் கல்லை மண்ணோடு கலக்கிறேன், மேலே பரப்புவதில்லை.

உட்லண்ட்ஸ் நடைப்பயணி:

மங்கோலியாவில் உலான்பாத்தருக்கு வடகிழக்கே தெரெல்ஜ் மலைகளில் நடந்திருக்கிறேன். அங்கே மழை குறைவு. வடக்கு பார்த்த சரிவில் லார்ச் மரக்காடு, தெற்கு பார்த்த சரிவில் வெறும் புல். மலை ஒன்றுதான், வெயில் படும் பக்கம்தான் வேறு. தெற்குச் சரிவில் காலை வைத்தால் கிரானைட் பொடிச்சரளை சரசரவென்று வழுக்கும்.

ஆனால் காங்கேயத்துத் தம்பியின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மந்தைகள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் தடங்களில் கல் மட்டும்தான் மிச்சம். நடுவில் இருந்த பொடிமண்ணைக் காற்றும் மழையும் கொண்டுபோய்விட்டன. புல்லின் அடிக்கட்டை வேரோடு துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே தரை நிறையக் கல் இருப்பது எனக்கு நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. எது காக்கும் கல், எது மண் போனதற்கு அடையாளம் என்று எப்படிப் பிரிப்பது?

பிடோக்வாசி:

நல்ல கேள்வி. முதலில் கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மண்ணின் மேல் சும்மா கிடந்தால், மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு அடிமண் இறுகாமல் காக்கும். தண்ணீர் அதன் ஓரமாக உள்ளே இறங்கும். இறுகிய மேற்பொருக்குக்குள் கல் பதிந்து கிடந்தால் கதையே வேறு. தண்ணீர் உள்ளே போக வழியின்றி வழிந்தோடும். இரண்டுமே சோதனைகளில் பார்க்கப்பட்டவை. அடுத்து, ஒரு சாண் தோண்டுங்கள். கல்லுக்குக் கீழே கருத்த வேர்மண் இருந்தால் நிலம் நன்றாக இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பழுப்புக் களியோ வெள்ளைச் சுண்ணாம்போ வந்தால் மேல்மண் போய்விட்டது. நீங்கள் பார்த்த துருத்திய புல் மேல்மண் போனதற்கு அடையாளம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மந்தையைக் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் விடாமல் இருந்தால் புல் திரும்பலாம். போன மண் நம் காலத்தில் திரும்பாது.

காங்கேயத்துத் தம்பிக்கு ஒன்று. கொரங்காட்டு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், அதை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டுக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். தாளில் வரும் சத்து, கரிமம் எல்லாம் சலித்த மண்ணுக்கான எண்கள். நிலத்தில் பாதி கல் என்றால் ஏக்கருக்குப் பாதிதான் இருக்கும். கல்லின் அளவை எடை போட்டு முடிவு செய்யாதீர்கள். கல் கனமானது, கன அளவில் பாதியாக இருந்தாலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். தோண்டிய குழியின் அளவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து வந்த கற்களைக் கழுவி, தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு வழிந்த நீரை அளந்து பாருங்கள். நீங்கள் அடுத்து ஊருக்குப் போகும்போது அளந்தால் இங்கே வந்து எழுதுங்கள், சுக்கான் கல்லின் எந்தப் பக்கம் வெள்ளை தடித்திருக்கிறது என்பதையும் சேர்த்து.