அருமனைப் பக்கம் விளை மண்ணு: லேட்டரைட்டா, வெறும் செம்மண்ணா? ரெண்டு ரிப்போர்ட்டும் ரெண்டு விதமா சொல்லுது

விளவங்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துல அருமனைக்கும் களியலுக்கும் இடையில எங்களுக்கு ஒரு ஏக்கர் இருவது சென்ட் விளை கெடக்கு, நல்ல சரிவு, மேல பொற்றை (குன்று), கீழ ஏலா (நெல் வயல்). அப்பா வச்ச ரப்பர், பால் கொறஞ்சு போய் போன மாசம் மரத்த குடுத்தாச்சு. இனி பாதில திரும்பவும் ரப்பர், மீதில வாழையும் நல்லமிளகும்னு நெனைக்கேன், அதுக்கு முன்ன இது என்ன மண்ணுன்னு ஒழுங்கா தெரிஞ்சுக்கணும்னு ரெண்டு எடத்துல மண்ணு குடுத்தேன். ஒரு எடத்துல "சிவப்பு மண், மணல் கலந்த களி, பிஎச் 4.8, ஏக்கருக்கு சுண்ணாம்பு 1 டன் போடவும்"னு வந்துச்சு. இன்னொரு எடத்துல "செம்பொறை மண் (லேட்டரைட்), பிஎச் 5.3, மண்ணுல இருக்குற பொட்டாஷ் எக்டேருக்கு 180 கிலோ"ன்னு வந்துச்சு. அப்பாகிட்ட கேட்டா "இது சரள் மண்ணுலே"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டாரு.

ஒரே விளைக்கு மூணு பேரு. எந்த ரிப்போர்ட்ட நம்பணும்? மண்ணுக்கு ஒரு பேரு வைக்கணும்னா உண்மையில என்னத்த வச்சு வைக்காங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, சுண்ணாம்புக்கு காசு போடுதுக்கு முன்ன தெரிஞ்சா நல்லா இருக்கும்.

கையாலை72:

மக்ளே, பேரு கெடக்கட்டும், மொதல்ல மண்ணு எங்க இருந்து எடுத்தன்னு சொல்லு. ரப்பர் விளைல பிளாட்பாரம் (சரிவுல மரம் வைக்க படி மாதிரி தட்டு) வெட்டும்போ மேல்மண்ணு எல்லாம் பொரட்டி வெளிப்பக்கம் தள்ளிருப்பாங்க, உள்பக்கம் அடிமண்ணு தெரியும், அங்ஙன எடுத்தா ஒண்ணு, வரம்புல எடுத்தா வேற ஒண்ணு. மரத்து மூட்டுல உரம் போட்ட எடத்துல எடுத்தா பிஎச் சும்மாவே கீழ போவும்.

பின்ன விளைய மேல இருந்து கீழ ஒருக்க நடந்து பாரு. எங்க விளைல பொற்றை உச்சில பாரை போட்டாலும் எறங்காது, சட்டி கவுத்தின மாதிரி கல்லு. நடுச்சரிவுல சரள், கடலை உருண்டை கணக்கா. அடிவாரத்துல ரெண்டாள் ஆழத்துக்கு மண்ணு. ஏலாக்குள்ள எறங்குனா சிவப்பே கெடையாது, சாம்பல் நிறம், அதுல துருப்புள்ளி. கன்னிப்பூ கும்பப்பூ ரெண்டு போகமும் தண்ணி நின்ன மண்ணு அப்படித்தான் ஆவும். இதெல்லாம் ஒரே விளை, ஒரே மழை. உன் ரெண்டு சாம்பிளும் எந்த தட்டுல இருந்து வந்துச்சுன்னு தெரியாம ரிப்போர்ட்ட குத்தம் சொல்லப்பிடாது.

மண்குழி:

மேல அண்ணாச்சி சொன்னதுதான் அடிப்படை. நான் மண் சர்வேல கொஞ்ச வருசம் குழி எறங்கி எழுதுன ஆளு, அதனால கொஞ்சம் நீட்டமா சொல்லுதேன், பொறுத்துக்கோங்க தம்பி.

மண் பரிசோதனை வேற, மண்ண வகைப்படுத்துது வேற. ரெண்டுக்கும் லேப்தான் வேணும், ஆனா கேள்வி வேற. மண்வள அட்டைக்கு எடுக்குது மேல அரை அடி மண்ணு, அதுல 12 விசயம் பாப்பாங்க, அது இந்த வருசத்து உரத்துக்கு. மண்ணு என்ன ஜாதின்னு சொல்லணும்னா மேல் அரை அடி போதாது, ஏன்னா அத மம்பட்டி மாத்தும், உரம் மாத்தும், மழை அரிச்சிட்டு போவும். பேரு அடிமண்ணுல இருக்கு. ஹான்ஸ் ஜென்னின்னு ஒருத்தர் 1941-லயே எழுதி வச்சாரு: காலநிலை, உயிருங்க, நிலத்தோட சரிவு, அடிப்பாறை, காலம், இந்த அஞ்சும் சேந்து செஞ்சதுதான் மண்ணுன்னு. லேப் நம்பர் அந்த அஞ்சும் விட்டுட்டு போன தடம், அவ்வளவுதான். தடத்த மட்டும் பாத்து ஆளச் சொல்ல முடியாது, எந்த வழியா வந்தான்னும் பாக்கணும்.

"லேட்டரைட்"ங்குற வார்த்தையும் ஒரு மண் ஜாதியோட பேரு இல்ல. 1807-ல புக்கானன் மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்துல பாத்து வச்ச பேரு, லத்தீன்ல செங்கல்னு அர்த்தம். பூமிக்குள்ள இருக்குறப்ப மண்வெட்டில சீவலாம், வெட்டி வெயில்ல போட்டா காஞ்சு கல்லா போவும், திரும்ப தண்ணில போட்டாலும் எளகாது. நம்ம பக்கம் வெட்டுகல்லுன்னு சொல்லுது அதத்தான். ஆக அது ஒரு பொருள். உங்க மண்ணுக்குள்ள அது இருக்கா, எந்த ஆழத்துல, எவ்வளவு, இதுதான் கேள்வி. சிவப்பா இருக்குன்னு மட்டும் வச்சு செம்பொறைன்னு எழுதிட முடியாது, முட்டத்துல கடல் ஓரம் செந்தேரி நெருப்பு மாதிரி சிவப்பா இருக்கும், அது காத்து கொண்டு கொட்டுன மணல், மணல் மேல இரும்புப் பூச்சு ஒட்டியிருக்கு, அதுக்கும் உங்க விளைக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: நடுச்சரிவுல, பிளாட்பாரம் தொடாத எடமா பாத்து, ஒண்ணரை மீட்டர் குழி ஒண்ணு எடுங்க. ஒரு பக்கத்த நேர் செவரா சீவி விடுங்க. நிறமோ கையில படுற விதமோ மாறுற எடத்துல எல்லாம் கத்தியால கோடு போட்டு, ஒவ்வொரு அடுக்குல இருந்தும் தனித்தனி சாக்கு. நிறத்த நனைச்சு வெயில் வெளிச்சத்துல பாருங்க, போன் போட்டோவ நம்பாதீங்க. இன்னொண்ணு, இதுதான் எல்லாரும் விடுறது: சரள எடை போடுங்க. லேப்ல 2 மில்லி மீட்டர் சல்லடைல சலிச்சு மேல நிக்குற சரள வீசிட்டுதான் பரிசோதனையே ஆரம்பிக்கும். ரிப்போர்ட்ல வர்ற எல்லா நம்பரும் சலிச்ச மண்ணுக்கு, உங்க விளைக்கு இல்ல.

கையப் பத்தி ஒரு விசயம். நம்ம மண்ணுல களித்துகள்கள இரும்பு ஒட்ட வச்சு மணல் மாதிரி காட்டும். கையில ஈரமா பிசையப் பிசைய பிசுபிசுப்பு கூடிக்கிட்டே போனா அது களி, மணல் இல்ல. லேப்லயும் கால்கன் (களிய பிரிக்கப் போடுற உப்பு) போட்டு குலுக்குனா முழுசா பிரியாம களி கொறச்சு காட்டிடும். "மணல் கலந்த களி"ன்னு வந்தது எனக்கு அதனாலதான் சந்தேகம்.

விளவங்கோட்டான்:

அண்ணே ரொம்ப நன்றி. கையாலை மாமா சொன்ன மாதிரி கேட்டுப் பாத்தேன், மொத சாம்பிள் என் தம்பி மரத்து மூட்டுல இருந்து எடுத்தது, ரெண்டாவது நான் வரம்புல எடுத்தது. பிஎச் வித்தியாசம் அதனாலதான் இருக்கணும்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர வச்சு குழி எடுத்தோம். 110 செ.மீ வரைக்கும் எடுத்தோம், அதுக்கு கீழ சிவப்பு மஞ்சள் வெள்ளைன்னு கலந்து கலந்து, மம்பட்டில சீவ வருது, பாறையாக்கும்னு நெனைச்சு நிறுத்திட்டோம். அதுல ஒரு துண்ட ராத்திரி முழுக்க தண்ணில போட்டேன், சிவப்புக் கட்டி கரையல, வெள்ளை மண்ணு மட்டும் கரைஞ்சு அடில நின்னுச்சு. தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு கல்லூரி லேப்ல குடுத்து, வந்த நம்பர் இது:

0-15 செ.மீ: சரள் எடைல 35 சதவீதம், களி 28, கரிமம் 1.6
15-50: சரள் 50, களி 38, கரிமம் 0.8
50-110: சரள் 30, களி 46, கரிமம் 0.5

கடைசி அடுக்குல அயனிப் பரிமாற்றத் திறன் (மண்ணு சத்த புடிச்சு வைக்குற அளவு) 5.2, கால்சியம் 0.9, மெக்னீசியம் 0.4, பொட்டாசியம் சோடியம் ரெண்டும் தலா 0.1, மொத்த அமிலத்தன்மை 6.0ன்னு போட்டிருக்கு. பிஎச் எல்லா அடுக்குலயும் 5-ஐ ஒட்டித்தான். இத எப்படி படிக்கணும்?

மண்குழி:

தம்பி, அருமையா செஞ்சிருக்கீங்க, தண்ணில போட்டுப் பாத்தது எனக்கு ரொம்ப சந்தோசம். வாங்க ஒவ்வொண்ணா பாப்போம்.

களி 28-ல இருந்து 38. கீழ அடுக்குல ஒண்ணே கால் மடங்குக்கு மேல கூடியிருக்கு. மேல களி இந்த அளவுல இருக்கப்ப 1.2 மடங்கு கூடுனா போதும், அதுவும் ஒரு அடிக்குள்ள கூடணும், அப்பதான் களி சேந்த அடுக்குன்னு ஒத்துக்கிடுவாங்க. மழை மேல இருந்து களிய அரிச்சு கீழ கொண்டு வச்சதோட அடையாளம் அது. 15 செ.மீ கோட்டுல நிறம் பட்டுன்னு மாறுதா மெல்ல மாறுதான்னு குழில திரும்பப் பாத்து எழுதி வைங்க.

அடுத்து அந்த 5.2. அது மண்ணுக்கு. களிக்கு மட்டும் கணக்கு போடணும், 5.2-ஐ 46-ஆல வகுத்து நூறால பெருக்குங்க, 11 சொச்சம் வரும். 16-க்கு கீழ இருந்தா அது உரத்த புடிச்சு வைக்காத களி, பெரும்பாலும் கயோலினைட்டும் இரும்பு ஆக்சைடும். நம்ம பக்கத்து சார்னோகைட் பாறையும் கார்னெட் உள்ள நைஸ் பாறையும் ரெண்டு பருவ மழைலயும் ஊறி ஊறி சத்தெல்லாம் போய் மிஞ்சுன களி இது. ஒரே தடவையா உரத்த கொட்டுனா அடுத்த மழைல ஆத்துக்குப் போயிடும், நாலஞ்சு தவணையா பிரிச்சுப் போடணும்னு இந்த ஒத்த நம்பரே சொல்லிடுது.

இனி காரச்சத்து. 0.9, 0.4, 0.1, 0.1 கூட்டுனா 1.5. இத அமிலத்தன்மை 6.0-ஓட சேத்து 7.5-ல பாத்தா 20 சதவீதம். 35-க்கு கீழ போனா அல்டிசால் (காரச்சத்து அரிச்சுப் போன மண்ணு), மேல இருந்தா அல்ஃபிசால் (காரச்சத்து மிஞ்சுன மண்ணு), அமெரிக்க வகைப்பாட்டுல இதுதான் பிரிக்குற கோடு. சில பேரு 1.5-ஐ 5.2-ஆல வகுத்து 29னு சொல்லுவாங்க, அது வேற முறை, அதுக்கு இந்த 35 பொருந்தாது, ரெண்டையும் குழப்பிக்கிடாதீங்க.

ஆனா உங்க குழி நின்ன எடம்தான் பிரச்சினை. இந்த 35 கோட்ட எந்த ஆழத்துல பாக்கணும்னு விதி இருக்கு: களி சேந்த அடுக்கு ஆரம்பிக்குற எடத்துல இருந்து 125 செ.மீ கீழ, இல்லன்னா தரைல இருந்து 180, இல்லன்னா பாறைய ஒட்டி மேல, இதுல எது மேல வருதோ அது. உங்களுக்கு 15-ல ஆரம்பிக்குது, அப்ப 140. நீங்க பாறைன்னு நிறுத்துனது பாறை இல்ல, சீவ வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது வெட்டுகல்லா மாறக் காத்திருக்குற மண்ணு, பிளிந்தைட்னு சொல்லுவாங்க. அத எவ்வளவு பங்கு இருக்குன்னும் எழுதணும், பாதிக்கு மேல இருந்தா பேரே மாறும். கவனம், அந்த அடுக்க குழி மண்ணோட வெளிய பரப்பிப் போட்டுடாதீங்க, வெயில் பட்டு இறுகுனா திரும்ப மண்ணா ஆவாது. குழிய மூடும்போ அடிமண்ணு அடிக்கே போகட்டும்.

காலநிலைக்கு ஒரு வார்த்தை, மண்ணோட பேருல அதுவும் சேரும். வெப்பம் நம்ம சமவெளில யோசிக்கவே வேண்டாம், மண்ணுல வருசம் முழுக்க 22 டிகிரிக்கு மேல, கோடைக்கும் குளிருக்கும் 6 டிகிரி வித்தியாசம் வராது. ஈரம்தான் தீர்மானிக்கும்: சாதாரண வருசத்துல மொத்தம் 90 நாளைக்கு மேல அந்த வேர் அடுக்கு காஞ்சு கெடக்குமா கெடக்காதா. தை மாசி பங்குனிதான் கேள்வி. பேப்பர்ல வர்ற மழை அளவுல சிற்றாறு, திற்பரப்பு, பேச்சிப்பாறைல உங்களுக்கு எது கிட்டவோ அதோட மாசக் கணக்க பல வருசத்துக்கு வாங்குங்க, 2021 வெள்ள வருசத்த மட்டும் வச்சு பாக்காதீங்க. அதுலயும் சரள கழிக்கணும், பாதி சரளா இருக்குற மண்ணு பாதித் தண்ணிதான் வைக்கும், மழை அளவு சொல்லுறத விட சீக்கிரம் காயும்.

தோவாளைக்காரி:

இத வாசிச்ச பிறகு எனக்கு ஒரு விசயம் புரிஞ்சுது. எங்களுக்கு தோவாளைப் பக்கம் பூந்தோட்டம், மண்ணு சிவப்புதான், ஆனா பிஎச் 7.4. கல்குளத்துல இருக்குற அக்கா வீட்டுல போடுற அதே உரத்த போட்டு ரெண்டு வருசம் செடி மஞ்சளிச்சு போச்சு, நிறம் ஒண்ணா இருக்கே மண்ணும் ஒண்ணுதானேன்னு நெனைச்சோம். எங்களுக்கு ஆடிச் சாரல் மலைக்கு அந்தப் பக்கமே நின்னுடும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா காத்து மட்டும் வரும், முப்பந்தல் காத்தாடி சுத்துற காத்து, இருக்குற ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போயிடும். அரிச்சுட்டுப் போவ மழை இல்ல, சத்து மேலயே நிக்கு. ஒரு மணிக்கூர் பஸ் தூரத்துல மண்ணு இவ்வளவு மாறுதுன்னா பேரு வாங்கி என்ன செய்யன்னு யாரும் சொல்லாதீங்க, எங்களுக்கு அந்த பேரு தெரியாததுக்கு ரெண்டு வருசப் பூ போச்சு.

அண்ணே, எங்களுக்கும் பாஸ்பரஸ் பரிசோதனை அதே முறைதானா?

மண்குழி:

இல்லம்மா. உங்களுக்கு ஓல்சன் முறை, விளவங்கோட்டுத் தம்பிக்கு பிரே முறை, அமில மண்ணுக்கு அதுதான் செரி. ரிப்போர்ட்ல எந்த முறைன்னு கேட்டு எழுதி வாங்குங்க, முறை மாறுனா நம்பர ஒப்பிட முடியாது.

தம்பிக்கு சுண்ணாம்பு விசயம்: ரப்பர் பிஎச் 4.5-ல இருந்து 6 வரைக்கும் நல்லாவே வரும், அந்தப் பாதிக்கு 1 டன் தேவையில்ல. வாழைக்கும் மிளகுக்கும் போடுற பாதில, மண்ணுல கரையுற அலுமினியம் எவ்வளவுன்னு பாத்துட்டு அதுக்கு ஏத்த அளவு. பாஸ்பரஸுக்கு இந்த மண்ணுல ராக் பாஸ்பேட் மெல்லக் கரைஞ்சு வேலை செய்யும். அந்த 180 கிலோ பொட்டாஷ்? சரள் 35 சதவீதம் கழிச்சா சுமாரா 117. உரக் கணக்க அதுல இருந்து ஆரம்பிங்க.

கையாலை72:

மக்ளே, குழிய இன்னும் மூடலல்லா? ஒரு முழம் கூட எறக்கிட்டு மூடு. பிக்காசு வேண்டாம், கொத்துனா கலங்கிடும், மம்பட்டிய தீட்டிட்டு சீவி எடு. மழைக்கு முன்ன முடி.

விளவங்கோட்டான்:

மூடல மாமா, ஓலை போட்டு வச்சிருக்கேன். சனிக்கிழமை 145 வரைக்கும் எறக்கி, 140-ல ஒரு சாக்கு தனியா எடுத்து எழுதி வைக்கேன். சுண்ணாம்புக்கு சொல்லி வச்சிருந்தத இப்பதான் போன் பண்ணி நிறுத்துனேன். தோவாளை அக்கா, உங்க மண்ணுலயும் ஒரு குழி எடுங்க, நான் வந்து கூட எறங்குதேன்.