ஒரே பத்தியில் தங்கியிருந்தபோது: வேத தியான அனுபவங்கள்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வேதவாசிப்பும் தியானமும் நம் பக்தியில் என்ன செய்திருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் எனக்குச் செய்ததை மட்டும் எழுதுகிறேன். அது இன்னும் என்னை விடவில்லை.

குருடனான பர்திமேயு எல்லாருக்கும் தெரிந்தவன். எரிகோவுக்கு அருகே வழியோரத்தில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தான், இயேசுவைக் கூப்பிட்டான், பார்வையடைந்தான். இதைத் தனிக் கதையாக வாசிக்காமல், மாற்கு இதற்கு முன்னால் எதை வைத்திருக்கிறார் என்று பின்னோக்கிப் போனேன். சற்று முன்புதான் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் ஒன்று கேட்க வருகிறார்கள். "நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும்" என்கிறார் அவர். மகிமையில் உமது வலப்புறமும் இடப்புறமும் எங்களுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். பிறகு பர்திமேயு வருகிறான். அவனிடமும் அதே கேள்வி. அவன் பார்வையைக் கேட்கிறான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவின் குருடன் இருக்கிறான். முதலில் மனிதர்கள் அவனுக்கு நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள். ஆண்டவர் மறுபடியும் கைவைத்த பிறகே தெளிவாகப் பார்க்கிறான். இந்த இரண்டு குருடருக்கும் நடுவே இயேசு மூன்று முறை தாம் படப்போகும் பாடுகளையும் மரணத்தையும் சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் புரிந்துகொள்ளவில்லை: முதல் முறை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார், அடுத்த முறை யார் பெரியவன் என்று தர்க்கம், மூன்றாம் முறை இந்த ஆசன ஆசை. கண் திறக்கப்படும் இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவில் கூடவே நடந்தவர்களின் குருட்டுத்தன்மை! இதைக் கண்ட அன்று நான் உரையாசிரியர் எவரையும் திறக்கவில்லை. பென்சிலும் வேதாகமமும் மட்டும்தான் கையில் இருந்தன.

ஆராய்ச்சி தலையோடு நின்றுவிடும், தியானம்தான் இதயத்துக்கு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்கமாட்டேன். அந்தக் கேள்வி இரண்டு இடங்களில் இருப்பதை ஆராய்ந்து கண்டபிறகுதான் அது என்னிடம் கேட்கப்பட்டதுபோல இருந்தது. பல நாள் காலையில் அந்த ஒரு வசனத்தோடு உட்கார்ந்தேன். உனக்கு நான் என்ன செய்யவேண்டும்? உடனே வந்த பதில்கள் எல்லாம் செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் யோவானும் கேட்டதைப்போலவே இருந்தன. அவற்றையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். கடைசியில் வந்த பதில் என் அண்ணனைப் பற்றியது. ஒரு சொத்துத் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. அவரை ஒரு மனிதராகப் பார்க்கவேண்டும், ஆண்டவரே, என்று ஜெபித்தேன். சமாதானம் வேண்டும் என்று பொதுவாக ஜெபித்த காலத்தில் இந்த வார்த்தை என் வாயில் வந்ததேயில்லை. இப்போது அண்ணனும் நானும் தொலைபேசியில் பேசுகிறோம். தகராறு தீரவில்லை. ஜெபம் தொடர்கிறது.

* * *

மேலே எழுதிய சகோதரருக்கு நன்றி. நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்களிடம் லெக்சியோ திவினா என்று பழைய தியான முறை ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கர்த்தூசியன் சபைத் துறவி அதை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் அமைந்திருத்தல். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையை அறிகிறது, நான்காவது அந்த இனிமையே என்பது அவர் தரும் விளக்கம்.

எனக்கு இனிமை கிடைக்காத காலத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். என் கணவர் இறந்தபின் வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் வசனங்களைக் கொடுத்தார்கள். அன்போடு கொடுத்தார்கள். என்னால் அவற்றில் ஒன்றையும் செபிக்க முடியவில்லை. அப்போது திருப்பாடல் (சங்கீதம்) 88 வாசகமாக வந்தது. புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்கோ புகழ்ச்சிக்கோ திரும்பிவிடும். ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் பாடல்கூட முடிவில் பாடத் தொடங்கிவிடும். 88 அப்படித் திரும்புவதில்லை. நண்பர்களும் தூரமாகிவிட, இருளோடு முடிந்துபோகிறது.

இப்படி ஒரு பாடலைத் திருவிவிலியத்திலிருந்து யாரும் நீக்கவில்லை என்பதே எனக்கு அன்று போதுமாக இருந்தது. பிறகு மெல்ல வாசித்தபோது மற்றொன்று தெரிந்தது. இதைப் பாடியவர் முதல் வரியில் ஆண்டவரைத் தன் மீட்பின் கடவுள் என்று அழைக்கிறார். குற்றம் சாட்டுவதும் அவர்மேல்தான், பேசுவதும் அவரிடம்தான். என்னாலும் அவ்வளவு முடியும் என்று தோன்றியது. அந்த ஆண்டு முழுவதும் என் செபம் அந்த அளவுக்குத்தான் இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களிடம் தயவுசெய்து இந்தப் பாடலை மறைக்காதீர்கள்.

* * *

நான் சிறு வேதபாடக் குழு ஒன்றை நடத்துகிறேன். ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். தனித் தியானம் அருமையானது, ஆனால் தனியாக மட்டும் வாசிப்பவர் தமக்குப் பிடித்ததையே வசனத்தில் காணும் ஆபத்து உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில், ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் விளக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று சுவிசேஷகராகிய பிலிப்புவிடம் கேட்டு, அவரைத் தன் இரதத்தில் ஏற்றிக்கொண்டார். அந்தத் தாழ்மை நமக்கும் வேண்டும்.

1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இறையியல் மாணவர்களைப் பயிற்றுவித்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஒரு வாரம் முழுவதும் ஒரே பகுதியைத் தினமும் அரைமணி நேரம் தியானிக்கச் சொன்னார். மாணவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. எங்கள் குழுவிலும் மூன்றாம் நாளில் சலிப்பு வரும். அதைத் தாண்டியவர்கள் சந்திப்பில் சொல்வதைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு வாரமும் காத்திருக்கிறேன்.

அண்ணனைப் பற்றி எழுதிய சகோதரரே, இப்போது நாங்கள் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்தின் 5 முதல் 11 வரை எடுத்திருக்கிறோம். கிறிஸ்து தம்மைத் தாழ்த்தியதைப் பாடும் பகுதி. பவுல் அதைச் சிறையில் விலங்கிடப்பட்டிருந்தபடி எழுதினார். அதே நிருபத்தின் 4:2இல், பிணங்கியிருந்த எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒரே சிந்தையாயிருக்கும்படி பெயர் சொல்லிக் கேட்கிறார். பாடலை வாசித்துவிட்டு அங்கே போங்கள். அந்த இரண்டு பெண்களுக்காகவும்தான் அவர் அந்தப் பாடலை எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள், குழுவில் வாசித்துக் காட்டுகிறேன்.