மருத்துவ உளவியல் முனைவர் படிப்பு: எல்லா மாணவருக்கும் ஐந்துக்கு நாலு, ஆனால் இன்டர்ன்ஷிப்பில் தடுமாற்றம். எங்கே தொடங்குவது? (மன்றத்தில் ஒருவர் கேட்ட கேள்வியும் நால்வரின் பதிலும்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

புதுப்பொறுப்பு:
வரும் கல்வியாண்டிலிருந்து மருத்துவ உளவியல் முனைவர் படிப்பின் பயிற்சி இயக்குநர் பொறுப்பு என்னிடம் வருகிறது. ஆண்டுக்கு எட்டு மாணவர்கள், நாலு வெளிக் களப்பயிற்சி மையங்கள். கோப்புகளில் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. மேற்பார்வையாளர்கள் தரும் அரையாண்டு மதிப்பெண் யாருக்கும் நாலுக்குக் கீழே இல்லை. ஆனால் இன்டர்ன்ஷிப் (படிப்பின் இறுதியில் வரும் முழுநேரப் பயிற்சி) மையங்களோ தற்கொலை அபாயத்தை விசாரிக்கத் தெரியவில்லை, சோதனைத் தாள்களில் பிழை மலிந்திருக்கிறது என்று எழுதுகின்றன. அடுத்தது, இன்டர்ன்ஷிப் முடித்த பிறகும் ஆய்வேடு முடியாமல் கிடக்கிறது. கடைசியாக, சிரமப்படும் மாணவரைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. முதல் ஆறு மாதத்தில் எதில் கை வைக்கலாம்?

தராசு:
மதிப்பெண்ணில்தான். மற்ற இரண்டும் அதன் பின்னால் வரும்.

அந்த நாலு என்பது மாணவர் சிகிச்சை அறைக்குள் செய்த வேலைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. வெளியே வந்து அதை எப்படிச் சொன்னார் என்பதற்குக் கிடைத்தது. வாராந்தரச் சந்திப்பில் மாணவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் கேட்கும் மேற்பார்வையாளருக்கு வேறு ஆதாரம் கிடையாது. போதாக்குறைக்கு ஒருவர் "இந்த வருட மாணவருக்கு இது நல்ல தேர்ச்சி" என்று நாலு போடுவார். இன்னொருவர் உரிமம் பெற்றவரோடு ஒப்பிட்டு நாலு போடுவார். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்.

அதனால் எண்ணை மேற்பார்வையின் அளவோடு கட்டிவிடுங்கள். 1: மேற்பார்வையாளர் அறையிலேயே இருக்க வேண்டும். 2: ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னும் பின்னும் பேச வேண்டும். 3: வாரம் ஒரு மணிநேர மேற்பார்வை போதும். 4: சிக்கலான கேஸில் மட்டும் ஆலோசனை தேவை. 5: தனியே செய்யலாம். முதல் களப்பயிற்சி முடிவில் 2, இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்ப எல்லாத் திறனிலும் 3 என்று படிவத்திலேயே அச்சிடுங்கள். அப்புறம் முதலாண்டு மாணவருக்கு 4 போட ஒருவருக்கும் கை வராது.

அடுத்து ஒலிப்பதிவு. பருவத்துக்கு இரண்டு முழு அமர்வாவது மேற்பார்வையாளர் கேட்க வேண்டும். எந்த அமர்வு என்பதை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவரிடம் விட்டால் நன்றாகப் போன அமர்வுதான் வரும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகார நெறிகளும் ஒவ்வொரு களப்பயிற்சி மதிப்பீட்டிலும் நேரடிப் பார்வை ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, சிகிச்சையாளரின் திறனை மதிப்பிடும் சிடிஎஸ்-ஆர் அளவுகோல் கையில் இருக்கிறது: 12 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 72; பொதுவாக 36 தேர்ச்சிக் கோடு. பருவத்துக்கு ஒருமுறை இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒரே பதிவைத் தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டு புள்ளி வேறுபடும் கூறுகளை மட்டும் உட்கார்ந்து பேசட்டும். மேற்பார்வையாளர்களுக்கான நல்ல பயிற்சி இதுதான்.

தற்கொலை விசாரணையில் என்ன தவறுகிறது என்பது பதிவைக் கேட்டால்தான் புரியும். மாணவர் கேட்பார்: "தப்பான எண்ணம் எதுவும் வரலையே?" கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கிளையன்ட் "இல்லை" என்பார். குறிப்பில் "தற்கொலை எண்ணம் இல்லை" என்று ஏறிவிடும். அன்று நிரப்பிய பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாளில், சாவு பற்றிய எண்ணம் எத்தனை நாள் வந்தது என்று கேட்கும் ஒன்பதாம் கேள்வியில் 2 (பாதி நாட்களுக்கு மேல்) வட்டமிடப்பட்டிருக்கும். அதை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேட்கவும், தோன்றியிருந்தால் கடைசியாக எப்போது, எப்படி என்று யோசித்தாரா, முன்பு முயன்றிருக்கிறாரா, தடுத்து நிறுத்துவது எது என்று தொடரவும் வாய் பழக வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. முதல் கிளையன்டைப் பார்க்கும் முன்பே இருபது நிமிட நடிப்புப் பயிற்சியில் இதைத் தேர்ச்சித் தடையாக வையுங்கள். தேறாதவர் கிளையன்டைப் பார்க்கக் கூடாது. மாணவர் அமர்வில் இருக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பெயர் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

மூலத்தாள்:
சோதனைப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சிலதான்: தெளிவில்லாத பதிலுக்கு மறுகேள்வி கேட்காமல் விடுவது, பதிலைச் சொன்னபடியே எழுதாமல் சுருக்குவது, தொடக்கக் கேள்விகளில் தவறினால் முந்தைய எளிய கேள்விகளுக்குப் பின்னோக்கிப் போக வேண்டிய விதியை மறப்பது, கூட்டலில் தப்புவது, வயதைத் தவறாகக் கணக்கிடுவது. கடைசியது சின்னதாகத் தோன்றும். ஆனால் வயது எல்லையில் இருப்பவருக்கு ஒரு நாள் பிசகினாலும் வேறு அட்டவணைக்குப் போய்விடுவோம்.

தன்னார்வலர்களை வைத்து மூன்று முழுச் சோதனைகள், மூன்றாவதில் பிழையின்றிச் செய்தால்தான் கிளையன்ட். அதன் பிறகும் ஒவ்வொரு மூலத்தாளையும் (பதில்களும் மதிப்பெண்ணும் குறித்த சோதனைத் தாள்) இன்னொருவர் மறுபடி மதிப்பிட வேண்டும். அறிக்கையைத் திருத்தும்போது மூலத்தாளும் பக்கத்தில் இருக்கட்டும். நடை நன்றாக இருக்கும் அறிக்கைக்குள் தவறான எண் சுலபமாக ஒளிந்துகொள்ளும்.

எண்ணிக்கை:
ஆய்வேடு நிற்பதற்குச் சோம்பல் காரணமல்ல, பெரும்பாலும் கணக்குதான். இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டை (திட்டவிலக்கத்தில் 0.5 பங்கு) 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர், ஆக 128 பேர் வேண்டும். மாதம் தகுதியான நாலு பேர் வரும் மையத்தில் பாதிப் பேர் சம்மதித்தால் மாதம் இரண்டு பேர். 64 மாதம்! ஐந்து ஆண்டுக்கு மேல். இந்த வகுத்தலை ஆய்வேட்டின் முன்வரைவில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

"மாதம் எத்தனை பேர் வருவார்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது" என்று ஒரு கட்டத்தை முன்வரைவுப் படிவத்தில் கட்டாயமாக்குங்கள். கணக்கு இடிக்கிறது என்றால் மாற்று வழி உண்டு: பயிற்சி மையத்தில் வழக்கமாகச் சேரும் அளவீடுகளை ஆய்வுக்குப் பயன்படுத்த முதல் நாளே சம்மதம் வாங்கி, நன்னெறிக் குழுவின் பொது அனுமதியோடு ஒரு தரவுத்தளமாகச் சேர்க்கலாம், அல்லது சிலரையே நெருங்கி அளக்கும் ஒற்றைநேர்வு ஆய்வு. இரண்டும் சிகிச்சை அறையிலிருந்தே பிறக்கும் ஆராய்ச்சி. மருத்துவ உளவியல் பயிற்சி பற்றி அமெரிக்காவில் நடந்த 1949 போல்டர் மாநாடு ஆய்வாளரும் சிகிச்சையாளரும் ஒருவரே என்று சொன்னபோது கேட்டது இதைத்தான்.

முன்வரைவு ஏற்கப்படாமல் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது என்ற விதியும் வேண்டும். விதிவிலக்கு ஒருமுறை கொடுத்தால் அதுவே விதியாகிவிடும்.

வாசற்காவல்:
மூன்றாவது கேள்விக்கு. குறை எழுத்தில் வராததற்குக் காரணம், எழுதத் தெரியாததுதான். "தொழில்முறைப் பண்பு போதவில்லை" என்று எழுதினால் மாணவருக்கு அவமானம் மட்டும் மிஞ்சும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. "எட்டு வாரத்தில் ஆறு அமர்வுக் குறிப்புகள் 48 மணிநேரம் கடந்து எழுதப்பட்டன" என்று எழுதுங்கள். நடந்தது என்ன, எந்தத் திறனில் குறை, மாணவர் என்ன செய்வார், துறை என்ன உதவும், எந்தத் தேதியில் யார் பார்ப்பார்கள், தேறாவிட்டால் என்ன: இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பன்னிரண்டு வாரம் நியாயமான கால அளவு. மாணவர் பதில் எழுத இடமும், சம்பந்தப்படாத ஒருவரிடம் மேல்முறையீட்டுக்கு வழியும் முதலாண்டுக் கையேட்டிலேயே இருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு எழுதும் விதி நிற்காது.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். தடுமாறும் மாணவரை ஒன்றும் சொல்லாமல் வேறு மையத்துக்கு மாற்றுவது. அங்கே மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மையங்களுக்கிடையே தகவல் பகிரப்படும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்குங்கள். அடுத்தது, தனிப்பட்ட சிகிச்சைக்குப் போகச் சொல்லிவிட்டு அந்தச் சிகிச்சையாளரிடமே அறிக்கை கேட்பது. அது சிகிச்சையையும் கெடுக்கும், மதிப்பீட்டையும் கெடுக்கும்.

புதுப்பொறுப்பு:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஒரு மையத்தில் ஒலிப்பதிவுக்கே அனுமதி இல்லை. அங்கே என்ன செய்வது?

தராசு:
மேற்பார்வையாளர் கிளையன்டின் சம்மதத்தோடு பருவத்துக்கு இரண்டு அமர்வுகளில் உள்ளே உட்காரலாம், அல்லது இருவரும் சேர்ந்தே ஒரு கேஸை நடத்தலாம். அதற்கும் ஒப்பாத மையத்துக்கு முதலாண்டு மாணவரை அனுப்பாதீர்கள். எல்லாத் திறனிலும் ஏற்கெனவே 3 எடுத்தவர் போகட்டும். அவருக்கும் அதே பருவத்தில் உங்கள் சொந்தப் பயிற்சி மையத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு கேஸாவது இருக்கட்டும்.