க்ரூகர் பூங்கா: ஐந்து வயது மகனோடு சொந்தக் காரில் போகலாமா?

கேள்வி (ஜோபர்க் அம்மா):
வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து குடியிருக்கிறோம். ஜூலை விடுமுறையில் இங்குள்ள வனவிலங்குப் பூங்காவான க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஊரிலிருந்து வரும் மாமியாரும் உடன் வருகிறார், சுத்த சைவம். வழிகாட்டியோடு திறந்த வண்டியில் போவதா, எங்கள் காரிலேயே சுற்றுவதா? மலேரியாவை நினைத்தாலும் பயம். சிங்கத்தைப் பார்க்காமல் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

பதில் (சாபிக்கரை):
உங்கள் காரிலேயே போங்கள். ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பூங்கா நிர்வாகத்தின் திறந்த வண்டியில் ஏற்றமாட்டார்கள். மகனோடு யாராவது ஒருவர் முகாமிலேயே தங்க நேரிடும். அது குடும்பச் சுற்றுலாவே அல்ல.

பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. வடக்குக் கோடிவரை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் சாலையைத்தான் பார்க்கிறார்கள். தெற்கிலேயே தங்குங்கள். ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம்வரை சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை ஒன்றே போதும். லோயர் சாபி அருகில் சன்செட் அணை என்ற குளம் இருக்கிறது. கரையில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நீர்யானை கொட்டாவி விடும், முதலை வெயில் காயும், யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும். இந்த நாட்டில் ஜூலை வறண்ட குளிர்காலம். புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் தாமாகவே நீர்நிலையைத் தேடி வரும்.

சிங்கத்தைத் துரத்தாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். நான்கு கார்கள் நின்றால் நாற்பது கார்கள் முண்டியடிக்கின்றன. விலங்குக்கும் நிம்மதியில்லை, பிள்ளைக்கும் எதுவும் தெரிவதில்லை. அதைவிட, விடியற்காலையில் சாலையோரச் சிறு பாலங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள குழாய்களில் கழுதைப்புலிகள் குட்டி வளர்ப்பதுண்டு. வாயிலில் வந்து நிற்கும் குட்டியைக் கண்டால் உங்கள் மகன் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டான். மகளிடம் பறவைக் கையேடு ஒன்று கொடுங்கள். ஊதா மார்புப் பனங்காடையைத் தேடிக்கொண்டே வருவாள்.

யானை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையைக் கண்டால் பின்வாங்கி வழிவிடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே காரை நுழைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சமையல் வசதியுள்ள குடிலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அரிசி, பருப்பு, சிறிய குக்கர் இருந்தால் மாமியாருக்குச் சூடான ரசம் சாதம் கிடைக்கும். பழங்களை வெளியே வைத்தால் குரங்குகள் விடாது. அந்த மாதத்தில் மாலை 5.30 மணிக்கு முகாம் வாயிலை அடைத்துவிடுவார்கள், தாமதித்தால் அபராதம்.

பதில் (மருத்துவர் அக்கா):
மலேரியா பற்றி: குளிர்காலத்தில் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. புறப்படுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரையின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. டாக்ஸிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரையை எட்டு வயதுக்குக் கீழே பொதுவாகக் கொடுப்பதில்லை. இருட்டுவதற்குள் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, காலுறை. திரும்பிய சில வாரங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "க்ரூகர் போயிருந்தோம்" என்று சொல்லி உடனே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பிலானஸ்பர்க் பூங்கா இருக்கிறது. மலேரியா இல்லாத பகுதி, உங்களுக்குப் பக்கம், அங்கும் சிங்கம் உண்டு.

ஜோபர்க் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. க்ரூகரே போகிறோம், தெற்கில் மட்டும். மகனுக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தால் வழியில் இறக்கலாமா?

சாபிக்கரை:
கூடவே கூடாது. முகாம்களிலும், உணவருந்த ஒதுக்கிய இடங்களிலும், இறங்கலாம் என்று பலகை வைத்த இடங்களிலும் மட்டுமே காரை விட்டு இறங்கலாம். மூடியுள்ள அகன்ற வாய் டப்பா ஒன்றைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் குளிர் கடுமையாக இருக்கும். மாமியாருக்குக் கம்பளியும் எடுத்துச் செல்லுங்கள்.