பெர்லினில் லூபார்ஸ் கிராமம்: அம்மாவோடு போகலாமா?

கவி_பயணி:
ஜூனில் அம்மாவோடு பெர்லினில் ஐந்து நாள் தங்குகிறேன். அருங்காட்சியகங்கள் போதும், ஒரு நாளாவது மரமும் வயலும் பார்க்க வேண்டும் என்கிறார். நகர எல்லைக்குள்ளேயே லூபார்ஸ் என்று ஒரு பழைய கிராமம் இருக்கிறதாமே, போனவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டார்.

வடக்குவாசி:
தாராளமாகப் போங்கள். எஸ்1 ரயிலில் வைட்மன்ஸ்லுஸ்ட் இறங்கி 222 பஸ் பிடித்தால் கடைசி நிறுத்தமே ஊருக்குள்தான், நகருக்குள் செல்லும் ஏபி கட்டண மண்டல டிக்கெட் போதும். 1920-இல் பெர்லினோடு சேர்த்தார்கள், ஆனாலும் ஊரின் அமைப்பு மாறவில்லை: நடுவில் மரங்கள் நிற்கும் புல்வெளி, அதில் 1793-இல் கட்டிய சின்ன தேவாலயம், சுற்றிலும் தாழ்ந்த ஓட்டு வீடுகள், பின்னால் குதிரை லாயங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாண வாசனை வரும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியது, அதனால் அம்மாவுக்கு நல்ல ஷூ முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_சைக்கிள்:
புல்வெளியோடு திரும்பிவிடாதீர்கள், ஊர் முடியும் இடம் வரை போய் வயலைப் பாருங்கள். மேற்கு பெர்லினைச் சுவர் சூழ்ந்திருந்த காலத்தில் அங்கிருந்தவர்கள் வயலும் மாடும் பார்க்க இங்கே வருவார்கள், ஏனென்றால் சுவருக்கு வெளியே இருந்த கிராமப்புறத்துக்கு அவர்களால் எளிதில் போக முடியாது. 1990 ஜூனில் ஒரு விவசாயி டிராக்டரை ஓட்டிவந்து சுவரை உடைத்து, பக்கத்து ஊரான பிளாங்கன்ஃபெல்டேக்கு வழி திறந்தார். அந்தச் சாலையில் நிற்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். திரும்பிப் பார்த்தால் மெர்க்கிஷஸ் ஃபியர்டல் என்ற குடியிருப்பின் அடுக்குமாடிகள் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும், 1960-களில் கட்ட ஆரம்பித்தவை. ஒரே பார்வையில் கோதுமை வயலும் அடுக்குமாடியும் தெரிவது வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கவி_பயணி:
ரொம்ப நன்றி! வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கலாமா? முற்றம் திறந்திருந்தால்?

வடக்குவாசி:
வேண்டாம், அங்கே குடும்பங்கள் வாழ்கிறார்கள். தெருவிலிருந்து பாருங்கள், யாராவது எதிரே வந்தால் “குட்டன் டாக்” சொல்லுங்கள், பதில் நிச்சயம் வரும். குதிரைக்குத் தீனி மட்டும் கொடுக்காதீர்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விடும்.

ஈரநிலம்:
ஒன்று விட்டுப்போயிற்று. டேகலர் ஃப்லீஸ் ஓடையோரம் ஈரப் புல்வெளியில் கோடைக்கு எருமைகளை மேய விடுகிறார்கள், நாணலும் புதரும் மண்டிவிடாமல் இருக்க. சேற்றில் கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடிக் கிடக்கும். லூபார்ஸிலிருந்து நடந்தால் முட்டிக்குத் தாங்காது, திரும்பும்போது வைட்மன்ஸ்லுஸ்டிலிருந்து எஸ்1-இல் வடக்கே அடுத்த நிறுத்தமான ஹெர்ம்ஸ்டோர்ஃப் போய் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மரப்பலகைப் பாதை வரும். அம்மாவை அங்கே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் முன்னே போய், எருமை எந்தப் பக்கம் என்று பார்த்து வாருங்கள்.