ஆயில் சம்ப் பேக்கிங் கசிவு: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி (திருப்பூர்)

வணக்கம். எங்கள் வீட்டில் 2003ஆம் ஆண்டு தயாரிப்பான சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் இன்ஜினுக்கு நேர்கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை தெரிகிறது. குனிந்து பார்த்தால் ஆயில் சம்ப்பின் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) விளிம்பைச் சுற்றி ஈரமும் புழுதியும் அப்பிக் கிடக்கின்றன. ஒரு மெக்கானிக், சம்ப்புக்கும் இன்ஜினுக்கும் இடையே இருக்கும் பேக்கிங்கை மாற்றாமல் போல்ட்டுகளை மட்டும் நன்றாக இறுக்கிவிட்டார். அதன் பிறகு கசிவு கூடியிருக்கிறது. சாக்கெட் செட்டும் ஜாக்கியும் என்னிடம் உள்ளன. இதை நானே செய்யலாமா? பேக்கிங்குடன் அனபாண்டும் (கசிவை அடைக்கும் சிலிக்கான் பசை) தடவ வேண்டுமா?

மறுமொழி (மதுரை)

செய்யலாம் ஐயா, ஆனால் சம்ப்பைக் கழற்றுவதற்கு முன் கசிவு அங்கேதான் தொடங்குகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) ஆயில் சீல் ஆகியவற்றில் எது கசிந்தாலும், எண்ணெய் வழிந்து கடைசியில் சம்ப் விளிம்பில்தான் வந்து சொட்டும். இன்ஜினைக் கழுவித் துடைத்து உலரவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடர் எந்த உயரத்திலிருந்து நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது. கியர்பாக்ஸ் சேரும் பக்கத்தில் மட்டும் ஈரம் இருந்தால் பின்பக்க கிராங்க் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அது கியர்பாக்ஸை இறக்கிச் செய்ய வேண்டிய வேலை.

மறுமொழி (கோயம்புத்தூர்)

மேலே சொன்ன சோதனையில் சம்ப்தான் என்று தெரிந்தால், அந்த மெக்கானிக் இறுக்கியதே கசிவு கூடியதற்குக் காரணமாக இருக்கலாம். தகட்டுச் சம்ப்பில் போல்ட்டை மிகையாக இறுக்கினால் துளையைச் சுற்றியுள்ள தகடு மேல்நோக்கிப் புடைத்துக்கொள்ளும். துளையருகே பேக்கிங் நசுங்க, இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே சந்து விழும். எனவே சம்ப்பை இறக்கியதும் விளிம்பின் மீது நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். புடைப்பு இருந்தால், கீழே கட்டை கொடுத்து, பேக்கிங் அமரும் பக்கத்திலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். வார்ப்பு அலுமினியச் சம்ப்பாக இருந்தால் சுத்தியலே படக்கூடாது.

பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். எமரி தாளால் தேய்த்தால் துகள் இன்ஜினுக்குள் போய்விடும். இரு முகங்களிலும் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. அனபாண்டை விளிம்பு முழுவதும் பூச வேண்டாம். இன்ஜின் பிளாக்குடன் முன்மூடியும் பின் மெயின் பேரிங் கேப்பும் (கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மூடி) சேரும் மூலைகளில் மட்டும் சிறிதளவு வைத்தால் போதும். உள்ளே பிதுங்கிய சிலிக்கான் உடைந்து விழுந்தால் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்து, இன்ஜினுக்கே எண்ணெய் கிடைக்காமல் செய்துவிடும். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான தரையில் ஸ்டாண்டுகள் கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பவுடர் சோதனையில் மேற்பகுதி முழுவதும் காய்ந்தே இருக்கிறது. சம்ப் விளிம்பில்தான் நனைகிறது. மாட்டியவுடன் எண்ணெய் ஊற்றலாமா? பழைய எண்ணெயை என்ன செய்வது?

மறுமொழி (மதுரை)

சிலிக்கான் வைத்திருந்தால் ஒருநாள் காயவிட்டு ஊற்றுவது நல்லது. அதற்குள் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். அவை அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கிலும் எண்ணெய் கசியும். டிரெய்ன் பிளக் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, கழிவு எண்ணெயை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். ஊற்றியபின் முதலில் இன்ஜினை ஓடவிட்டு, பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிபாருங்கள்.