கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை மதுரையில் பார்வையற்ற மாணவர்களுக்கு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானுக்குத் துணைநிரல் எழுதக் கற்றுத்தருகிறேன். அதில் ஒலியெழுப்பும் 'பீப்' செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) அதிர்வெண்ணும் நீளமும் கட்டாயம். இடப்பக்க, வலப்பக்க ஒலியளவைச் சொல்லாவிட்டால் இரண்டுக்கும் 50 என்று அதுவே வைத்துக்கொள்ளும். இப்படிக் கொடுக்காமல் விடக்கூடிய ஆப்ஷனல் பாராமீட்டர், விட்டால் அதுவே வைத்துக்கொள்ளும் டிஃபால்ட் இரண்டுக்கும் சொல் வேண்டும். வெள்ளி இரவுக்குள் பாடக்குறிப்பை முடிக்கவேண்டும்.

-----

தம்பி, 'விருப்ப அளபுரு', 'முன்னிருப்பு' இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றனவே. அவையே போதும்.

-----

> விருப்ப அளபுரு

'அளபுரு' நல்ல சொல். அளபெடையில் உள்ள அதே அளபு. 'விருப்ப'தான் பொருந்தவில்லை. விருப்பம் மனத்தைச் சேர்ந்தது, இங்கே பேச்சு விடுபடுவதைப் பற்றி. 'பால் குடித்தான்' என்கிறோம். 'பாலை' என்பதன் 'ஐ' உருபு மறைந்தும் பொருள் நிற்கிறது; இப்படி மறைவதே தொகை. எனவே 'தொகை அளபுரு' எனலாம். அல்லது 'உறழ் அளபுரு'. 'அல்வழி யெல்லாம் உறழென மொழிப' என்கிறார் தொல்காப்பியர். கல்குறிது, கற்குறிது என இரு வடிவும் வரலாம் என்பதே உறழ். இப்படி ஒரு சொல் கையில் இருக்க 'விருப்பம்' எதற்கு?

-----

புலவர் ஐயா, கற்குறிது என்றாலும் கல்குறிது என்றாலும் பொருள் ஒன்றே. இங்கே 50ஐ விட்டு 80 கொடுத்தால் ஒலியே மாறிவிடும். உறழ்ச்சி அதைச் சொல்லவில்லை. 'தொகை' என்றாலோ மாணவர் அந்த 50ஐத்தான் தொகை என்று நினைப்பார்.

-----

நான் திரைவாசிப்பானிலேயே நிரல் எழுதுகிறவன். நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல் தேர்கிறீர்கள், நாங்கள் வேகமாக ஓடவிட்டுக் காதால் கேட்கிறோம். அளபுரு, அளவுரு இரண்டும் என் காதில் ஒன்றாகத்தான் விழுகின்றன.

'முன்னிருப்பு' பொருளிலும் தவறுகிறது. என்விடிஏவின் 'மெசேஜ்' செயற்கூற்றில் பிரெயிலுக்கென்று தனி வாசகம் தரலாம். தராவிட்டால் பேச்சுக்குத் தந்த வாசகமே பிரெயிலுக்கும் போகிறது. அங்கே முன்கூட்டியே எந்த வாசகமும் இருக்கவில்லை; அழைக்கும்போதுதான் கிடைக்கிறது. 'கொடாநிலை' என்றால் கொடுக்காதபோது நேர்வது என்று நேராக விளங்கும். நடுவில் நெடில் வருவதால் வேகத்திலும் தனித்துக் கேட்கும்.

-----

கொடாநிலை காதுக்குக் கொடாக்கண்டன் போல இருக்கிறது, அண்ணா. கணினித் திரைகளில் டிஃபால்ட்டுக்கு 'இயல்புநிலை' என்று பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதை வேறொன்று என்று எண்ணிக் குழம்புவார்கள்.

-----

எண்ணிப் பார்த்ததில் நான்கு பேர் கொடாநிலை, இருவர் இயல்புநிலை. பாடக்குறிப்பில் 'விருப்ப அளவுரு', 'கொடாநிலை' என்று போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் ஆப்ஷனல், டிஃபால்ட் என்பதையும் எழுதிவிடுகிறேன். வெளியே வேலைக்குப் போனால் அந்தச் சொற்கள்தான் காதில் விழும். அனைவருக்கும் நன்றி.

-----

போடுங்கள் தம்பி, வகுப்பு தடைபட வேண்டாம். ஆனால் அளபுருவை அளவுரு ஆக்கியதை நான் ஒப்பவில்லை. 'உறழ்' பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.